பேய்க்கதைக்காரர்களின் தபால் பெட்டி

1923 செப்டம்பர் மாத ‘வியர்ட் டேல்ஸ்’ இதழில், வாசகர் கடிதங்களுக்கு நடுவே ஓர் எழுத்தாளரின் கடிதமும் அச்சாகியிருந்தது. அமெரிக்காவின் பிராவிடன்ஸ் நகரத்திலிருந்து ஐந்து கதைகளோடு வந்த கடிதம் அது. பத்திரிகைக்குக் கதை அனுப்புகிறவர் வழக்கமாகக் காட்டும் பணிவு அதில் மருந்துக்கும் இல்லை. ஏறக்குறைய ஒரு டஜன் நண்பர்கள் பிடுங்கியெடுத்ததால்தான் அனுப்புகிறேன் என்றார். இவை உங்களுக்கு ஒத்துவரும் என்று நான் நினைக்கவில்லை, சந்தைக்காக எழுதுவதில் எனக்கு அக்கறை கிடையாது, எழுதும்போது நான் நினைத்துக்கொள்ளும் ஒரே வாசகன் நானேதான் என்றார். ஒரு கதை வேறொரு பத்திரிகையிலிருந்து திரும்பி வந்தது என்பதையும் தாமாகவே போட்டு உடைத்தார். கடைசியாக ஒரு நிபந்தனை: போடுவதென்றால் ஒரு காற்புள்ளிகூட மாறாமல் போட வேண்டும், முடியாதென்றால் திருப்பி அனுப்பிவிடலாம்.

ஆசிரியர் எட்வின் பேர்ட் கோபித்துக்கொள்ளவில்லை. கடிதத்தை அச்சுக்குக் கொடுத்ததோடு, இந்தக் கடிதத்தையும் மீறி, அல்லது இந்தக் கடிதத்தாலேயே, இவருடைய கதைகளைப் போடப்போகிறோம் என்று சொல்லியும் விட்டார். அக்டோபர் இதழில் ‘டேகன்’ என்ற கதை வந்தது. ஹெச். பி. லவ்கிராஃப்ட்டின் கதையை ‘வியர்ட் டேல்ஸ்’ வாசகர்கள் படிப்பதற்கு ஒரு மாதம் முன்பே அவருடைய வாய்த்துடுக்கைப் படித்துவிட்டார்கள்.

லவ்கிராஃப்ட் மட்டுமல்ல, பொதுவாகவே திகில் எழுத்தாளர் தன் வாசகரோடு தோளில் கைபோட்டுப் பேசுவார். வீட்டுச் சமாசாரம், உடம்பு நிலை, இழுத்துக்கொண்டே போகும் நாவல், வராத சன்மானம் எல்லாவற்றையும் குறும்பாக எடுத்துவிடுவார். பிற துறை எழுத்தாளர்கள் நேர்காணலில்கூட வாய் திறக்காத விஷயங்களை இவர் முன்னுரையிலேயே சொல்லிவிடுவார். இதை விற்பனைத் தந்திரம் என்று ஒதுக்குவது எளிது. வரலாறு அப்படிச் சொல்லவில்லை. விமர்சகர்கள் ஏறெடுத்துப் பார்க்காத, பல்கலைக்கழகங்கள் வாசல் திறக்காத, சொல்லுக்கு ஒரு சென்ட் கூலி கொடுத்த ஒரு துறை, தன் அடுத்த தலைமுறையைத் தபால் வழியாகத்தான் பெற்று வளர்த்தது.

பேசாமல் இருந்தால் என்ன ஆகும் என்பதை ஆன் ராட்கிளிஃப்பின் கதை காட்டுகிறது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தில் அவரைவிடப் புகழ்பெற்ற திகில் நாவலாசிரியர் கிடையாது. 1794இல் வந்த ‘தி மிஸ்ட்ரீஸ் ஆஃப் உடால்ஃபோ’வுக்குப் பதிப்பாளர் 500 பவுண்டு கொடுத்தார், அன்றைக்கு ஒரு நாவலுக்கு அது வாயைப் பிளக்க வைக்கும் தொகை. 1797இல் ‘தி இட்டாலியன்’ வெளியானது. அதற்குப் பிறகு அவர் உயிரோடிருந்த வரையில் புதிய நாவல் எதுவும் வரவில்லை. எழுதுவதை ஏன் நிறுத்தினார், எங்கே இருக்கிறார், எப்படி இருக்கிறார் என்று வாசகர்களுக்கு ஒரு வரியும் கிடைக்கவில்லை.

வாசகர்களோ சும்மா இருக்கவில்லை. பேய்களையே நினைத்துக்கொண்டிருந்ததால் அவருக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று ஒரு பேச்சு. டார்பிஷயரில் ஒரு பழைய மாளிகையில் அடைத்து வைத்திருக்கிறார்கள் என்று இன்னொன்று. இறந்தே போய்விட்டார் என்று சிலர். அவரோ லண்டனில் கணவரோடு அமைதியாக வாழ்ந்துகொண்டிருந்தார். 1823இல் அவர் நிஜமாகவே காலமானார். 1826இல் அவருடைய கடைசி நாவலை வெளியிட்டபோது, அதன் முன்னால் ஒரு வாழ்க்கைக் குறிப்பையும் சேர்க்க வேண்டியிருந்தது. கடைசிவரை அவர் தெளிவாகவே இருந்தார் என்பதற்கு மருத்துவரின் சாட்சியத்தைக்கூட அதில் வைத்தார்கள். மாளிகைக்குள் அடைபட்ட பெண்களைப் பற்றி எழுதியவரையே அப்படி ஒரு பாத்திரமாக்கிவிட்டது அவருடைய மௌனம்.

மேரி ஷெல்லி அந்தத் தவற்றைச் செய்யவில்லை. ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ 1818 ஜனவரியில் ஆசிரியர் பெயரில்லாமல் 500 பிரதிகள் மட்டும் அச்சாகி வந்தது. 1831இல் மலிவு விலைப் பதிப்பு ஒன்று வந்தபோது அவர் புதிதாக ஒரு முன்னுரை எழுதினார். சின்னப் பெண்ணாக இருந்த உனக்கு இப்படியொரு கோரமான யோசனை எப்படித் தோன்றியது என்று எல்லோரும் கேட்டுக்கொண்டே இருந்த கேள்விக்கு நேரடியான பதில் அது. 1816 கோடையில் ஜெனீவா ஏரிக்கரையில் விடாத மழை, பைரன் போட்ட பேய்க்கதைப் போட்டி, யோசனை பிறந்ததா என்று தினமும் காலையில் நண்பர்கள் கேட்க, இல்லை என்று தினமும் சொல்ல நேர்ந்த வெட்கம், பிறகு தூக்கம் வராத ஓர் இரவு. அப்போது அவருக்கு வயது 18. நாவலைப் படிக்காதவர்களுக்குக்கூட அந்த ஏரிக்கரைக் கதை இன்று தெரியும். தான் எழுதிய கதை எங்கிருந்து வந்தது என்று வாசகருக்குச் சொல்லும் வழக்கத்துக்கு அந்த முன்னுரையே மூத்த முன்மாதிரி.

லவ்கிராஃப்ட்டை எழுத்துலகத்துக்குள் கொண்டுவந்ததும் ஒரு வாசகர் கடிதச் சண்டைதான். 1908இல் உடல்நலம் குலைந்து பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர், அடுத்த ஐந்து ஆண்டுகள் ஏறக்குறைய வீட்டுக்குள்ளேயே முடங்கிக் கிடந்தார். ‘ஆர்கோஸி’ போன்ற கதைப் பத்திரிகைகளை ஒன்றுவிடாமல் படிப்பார். 1913இல், அந்தப் பத்திரிகையின் செல்லப்பிள்ளையாக இருந்த ஃபிரெட் ஜாக்ஸனின் காதல் கதைகளைக் கிழித்துத் தொங்கவிட்டு ஒரு கடிதம் எழுதினார். ஜாக்ஸனின் ரசிகர்கள் பொங்கியெழுந்தார்கள். ஒருவர் செய்யுளிலேயே திட்டி எழுத, லவ்கிராஃப்ட்டும் செய்யுளிலேயே பதில் கொடுத்தார். ஓராண்டுக்கு மேல் நீண்ட இந்தச் சண்டையைக் கவனித்தார் எட்வர்ட் டாஸ் என்பவர். பொழுதுபோக்காகச் சிறுபத்திரிகை அச்சடித்து ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்ளும் அமெச்சூர் எழுத்தாளர் சங்கம் ஒன்றைச் சேர்ந்தவர் அவர். லவ்கிராஃப்ட்டைச் சங்கத்தில் சேர அழைத்தார். 1914 ஏப்ரலில் அவரும் சேர்ந்தார். முடங்கிக் கிடந்த தனக்கு வாழ வேண்டும் என்ற எண்ணத்தையே மீட்டுக் கொடுத்தது அந்தச் சங்கம்தான் என்று லவ்கிராஃப்ட் பின்னாளில் நன்றியோடு எழுதினார்.

அதன்பிறகு அவர் கடிதம் எழுதுவதை நிறுத்தவே இல்லை. வாழ்நாளில் அவர் எழுதிய கடிதங்கள் ஒரு லட்சத்தை நெருங்கும் என்று கணக்கிடுவோர் உண்டு. தன்னைத் தாத்தா என்று சொல்லிக்கொள்வார். நாற்பது வயதுகூட ஆகாதபோதே தொடங்கிய வழக்கம் அது. சக எழுத்தாளர்களுக்கும் பட்டம் சூட்டினார். கிளார்க் ஆஷ்டன் ஸ்மித்துக்கு ‘கிளார்காஷ்-டான்’ என்று ஏதோ பழைய அட்லாண்டிஸ் பூசாரியின் பெயர் போல ஒரு பட்டம். டெக்ஸாஸ்காரரான ராபர்ட் ஈ. ஹோவர்டுக்கு ‘இரட்டைத் துப்பாக்கி பாப்’. ஆகஸ்ட் டெர்லெத்துக்குப் பிரெஞ்சுப் பிரபுப் பட்டம். கதைகளில் சிரிப்புக்கு இடமே தராத இந்த மனிதர், கடிதங்களில் விடாமல் விளையாடினார்.

1927 கோடையில் இரண்டு நண்பர்களோடு ராட் ஐலண்டின் வாரன் ஊருக்குப் போனார். அங்கே ஐஸ்கிரீமுக்குப் பேர்போன ஒரு கடை. பட்டியலில் இருந்த வகைகளில் 28ஐ மூவரும் பங்குபோட்டுச் சாப்பிட்டுத் தீர்த்துவிட்டு, தீர்த்ததற்கு அத்தாட்சியாகக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தார்கள். ‘தி கால் ஆஃப் கதுல்ஹு’ அச்சாவதற்குச் சில மாதங்களுக்கு முன்பு நடந்தது இது. பிரபஞ்சத்துக்கு மனிதன் ஒரு பொருட்டே இல்லை என்று எழுதியவர், கையில் காசு தட்டுப்பாடாக இருந்த காலத்திலும் ஐஸ்கிரீமை விட்டுக்கொடுக்கவில்லை என்பது கடிதங்கள் இருப்பதால்தான் நமக்குத் தெரிகிறது.

காசு எப்போதும் தட்டுப்பாடுதான். 1924 முதல் 1940 வரை ‘வியர்ட் டேல்ஸ்’ ஆசிரியராக இருந்த ஃபார்ன்ஸ்வொர்த் ரைட் சொல்லுக்கு அரை சென்ட்டிலிருந்து ஒன்றரை சென்ட் வரை கொடுத்தார். அதுவும் கதை அச்சான பிறகு, பல சமயம் தாமதமாக. 1929இல் வந்த ‘தி டன்விச் ஹாரர்’ என்ற நீண்ட கதைக்கு லவ்கிராஃப்ட் பெற்ற 240 டாலர், அதுவரை ஒரே கதைக்கு அவர் வாங்கியதிலேயே பெரிய தொகை. பணத்தால் கட்டிப்போட முடியாத எழுத்தாளர்களை அந்தப் பத்திரிகை வேறொன்றால் கட்டிப்போட்டது. அதன் வாசகர் கடிதப் பகுதிக்கு ‘தி ஐரி’ என்று பெயர். இந்த இதழில் எந்தக் கதை பிடித்தது என்று வாசகர்கள் எழுதிப்போட வேண்டும். ரைட் அந்த வாக்குகளை எண்ணி, எது முதலிடம் என்று அறிவிப்பார். கதை எழுதுகிறவர்களும் அதே பகுதியில் ஒருவர் கதையை ஒருவர் பாராட்டியும் சீண்டியும் எழுதினார்கள். வாசகர், எழுத்தாளர் என்ற வேலி அங்கே இல்லவே இல்லை.

அந்த வேலியைத் தாண்டி வந்தவர்களில் முக்கியமானவர் ராபர்ட் பிளாக். 1933இல் மில்வாக்கி நகரத்தில் 16 வயதுப் பையனாக இருந்தவர், உங்களுடைய பழைய கதைகள் எங்கே கிடைக்கும் என்று கேட்டு லவ்கிராஃப்ட்டுக்குக் கடிதம் போட்டார். பதில் வந்தது. கதைகளை இரவல் தருவதாகச் சொன்ன லவ்கிராஃப்ட், அடுத்துவந்த கடிதங்களில் நீயே எழுதிப்பார் என்றும் தூண்டினார். மறுவருடமே, 17 வயதில், பிளாக் தன் கதையை ‘வியர்ட் டேல்ஸ்’ பத்திரிகைக்கு விற்றுவிட்டார்.

1935இல் பிளாக்குக்கு ஒரு விபரீத ஆசை. குருவைக் கதைக்குள் வைத்துக் கொன்றுவிட வேண்டும். கேட்காமல் கொல்வது மரியாதையில்லை என்பதால் அனுமதி கேட்டு எழுதினார். லவ்கிராஃப்ட்டிடமிருந்து வந்த பதில் வக்கீல் பத்திரத்தின் தோரணையில் இருந்தது. இந்தக் கடிதத்தைக் கொண்டுவருகிறவர் என்னைச் சித்திரிக்கலாம், கொலை செய்யலாம், துண்டு துண்டாக்கலாம், உருவம் மாற்றலாம் என்று முழு அதிகாரம் கொடுத்திருந்தார். கீழே சாட்சிக் கையெழுத்துகளும் இருந்தன. போட்டவர்கள் எல்லோரும் கற்பனை ஆட்கள். ‘நெக்ரோனோமிகான்’ என்ற இல்லாத நூலை எழுதியதாக லவ்கிராஃப்ட் சொல்லிவந்த அப்துல் அல்ஹஸ்ரத் அவர்களில் ஒருவர். அந்த ஆண்டு செப்டம்பர் இதழில் ‘தி ஷாம்ப்ளர் ஃப்ரம் தி ஸ்டார்ஸ்’ வந்தது. பிராவிடன்ஸ்வாசியான ஓர் எழுத்தாளர் அதில் கோரமாகச் செத்துப்போனார்.

அடுத்த அடியை எடுத்து வைத்தவர் ஒரு வாசகர். பிளாக்கின் கதையைப் பாராட்டி ‘தி ஐரி’க்கு எழுதிய அவர், லவ்கிராஃப்ட்டும் இதேபோல் ஒரு கதை எழுதிக் கணக்கைத் தீர்க்கலாமே என்று கேட்டிருந்தார். 1935 நவம்பரில் அந்தக் கடிதம் அச்சானது. அதே மாதத்தில் லவ்கிராஃப்ட் உட்கார்ந்து ‘தி ஹாண்டர் ஆஃப் தி டார்க்’ கதையை எழுதி முடித்தார். அதில் மில்வாக்கியிலிருந்து வரும் எழுத்தாளர் ராபர்ட் பிளேக் சாகிறான். அவனுக்குக் கொடுக்கப்பட்டிருக்கும் ஊர் விலாசம், பிளாக் நிஜமாகவே குடியிருந்த வீட்டின் விலாசம். பிராவிடன்ஸில் பிளேக் தங்கும் அறையோ லவ்கிராஃப்ட்டின் சொந்த அறை. ஜன்னல் வழியாகத் தெரியும் தூரத்து மேடும் அங்கே கறுத்து நிற்கும் தேவாலயமும் அவர் தினமும் பார்த்தவை. கதையை பிளாக்குக்கே சமர்ப்பணம் செய்தார். 1936 டிசம்பரில் அது அச்சேறியது. 1937 மார்ச் 15 அன்று, 46 வயதில், லவ்கிராஃப்ட் புற்றுநோயால் இறந்தார். தனியாக எழுதிய கடைசிக் கதையாக அது நின்றுவிட்டது. 1950இல் பிளாக் அதே பத்திரிகையில் மூன்றாவது கதையை எழுதி, ஆசானோடு நடத்திய விளையாட்டை முடித்து வைத்தார்.

இரண்டு நண்பர்களின் கேலியும் முகம் தெரியாத ஒரு வாசகரின் யோசனையும் சேர்ந்திருக்காவிட்டால் திகில் இலக்கியத்தின் மிகச் சிறந்த கதைகளில் ஒன்று பிறந்தே இருக்காது. இதற்குப் பிறகும் அந்தக் கடிதப் பக்கத்தை வெறும் பக்கம் நிரப்பும் வேலை என்று யாராவது சொன்னால் அது பெரிய அநியாயம்.

லவ்கிராஃப்ட் இறந்தபோது அவர் பெயரில் ஒழுங்கான கதைத் தொகுதி ஒன்றுகூட இல்லை. அவரோடு கடிதத் தொடர்பில் இருந்த டெர்லெத்தும் டொனால்ட் வாண்ட்ரேயும் பதிப்பகங்களை அணுகிப் பார்த்துவிட்டு, 1939இல் தாங்களே ‘ஆர்க்கம் ஹவுஸ்’ என்ற பதிப்பகத்தைத் தொடங்கினார்கள். விஸ்கான்ஸின் மாநிலத்தின் சாக் சிட்டி என்ற சிற்றூர்தான் தலைமையகம். முதல் நூலான ‘தி அவுட்சைடர் அண்ட் அதர்ஸ்’ 1,268 பிரதிகள் அச்சாயின. முன்பணம் கட்டியவர்கள் 150 பேர் மட்டுமே. மிச்சம் விற்றுத் தீர நான்கு ஆண்டுகள் பிடித்தது. அதுவும் கடைகளை நம்பி விற்றதல்ல. டெர்லெத் தன் வாடிக்கையாளர்களுக்குத் தபாலில் சுற்றறிக்கை அனுப்புவார். அடுத்து என்ன வருகிறது, எது தீர்ந்துவிட்டது என்று எல்லாம் அதில் இருக்கும்.

அந்தச் சிற்றூருக்கு 1961இல் இங்கிலாந்தின் லிவர்பூலிலிருந்து ஒரு பொட்டலம் வந்தது. அனுப்பியவர் ராம்ஸி கேம்ப்பெல் என்ற 15 வயதுப் பையன். லவ்கிராஃப்ட் பாணியில் எழுதிய கதைகள். எல்லாம் அவர் கண்ணாலேயே பார்த்திராத மாசசூசெட்ஸில் நடப்பவை. டெர்லெத் தயவுதாட்சண்யம் பார்க்கவில்லை. எது தேறவில்லை என்பதைப் பட்டியல் போட்டுச் சொன்னதோடு, தெரியாத அமெரிக்காவை விட்டுவிட்டுத் தெரிந்த இங்கிலாந்தில் கதையை வை என்றும் எழுதினார். பையன் செவர்ன் நதிப் பள்ளத்தாக்கில் பிரிச்செஸ்டர் என்ற கற்பனை ஊரைக் கட்டினான். 1964இல் ஆர்க்கம் ஹவுஸ் அவனுடைய முதல் தொகுதியை வெளியிட்டபோது அவனுக்கு வயது 18. அதன்பிறகு ஆங்கிலத் திகில் எழுத்தில் அறுபது ஆண்டுகள் தொடர்ந்து எழுதியவராகக் கேம்ப்பெல் வளர்ந்ததற்குப் பின்னால் அந்தக் கண்டிப்பான கடிதம் இருக்கிறது.

கடிதம் எப்போதும் அன்போடு வருவதில்லை. 1948 ஜூன் 26 தேதியிட்ட ‘நியூயார்க்கர்’ இதழில் ஷெர்லி ஜாக்ஸனின் ‘தி லாட்டரி’ வெளியானது. சாதாரணக் கிராமம் ஒன்று ஆண்டுதோறும் சீட்டுக் குலுக்கித் தன் ஆளையே கல்லால் அடித்துக் கொல்லும் கதை. அந்தக் கோடைகாலம் முழுக்கக் கடிதங்கள் வந்து குவிந்தன. 300க்கும் மேற்பட்டவற்றில் அன்பாகப் பேசியவை 13 மட்டுமே, அவையும் பெரும்பாலும் நண்பர்கள் எழுதியவை. ஜாக்ஸனின் அம்மாவே கதை பிடிக்கவில்லை என்று எழுதினார். வெர்மாண்ட் மாநிலத்தின் சின்ன ஊரில் இருந்த ஜாக்ஸன், தபால் நிலையத்தில் இருப்பதிலேயே பெரிய பெட்டியாக மாற்றிக்கொள்ள வேண்டியதாயிற்று. அந்தத் தபால் அதிகாரியோ அவரிடம் பேச்சையே நிறுத்திவிட்டார்.

ஜாக்ஸன் இதை மனதுக்குள் வைத்துப் புழுங்கவில்லை. அந்தக் கதைக்கு நேர்ந்ததையெல்லாம் ஓர் உரையாக எழுதி, மேடைகளில் வாசித்தார். கடிதங்களைக் குழப்பம், ஊகம், வசவு என்று மூன்று ரகமாகப் பிரித்தார். அவர் அதிகம் அதிர்ந்தது வசவைப் படித்து அல்ல. இந்தச் சீட்டுக் குலுக்கல் எந்த ஊரில் நடக்கிறது, நாங்கள் வந்து வேடிக்கை பார்க்கலாமா என்று சிலர் விசாரித்திருந்தார்கள். அவர் எழுதிய கதைக்கு அதைவிடக் கொடூரமான பாராட்டு கிடைத்திருக்க முடியாது. இதே ஜாக்ஸன்தான் நான்கு பிள்ளைகளோடு வீட்டில் படும் பாட்டை ‘லைஃப் அமாங் தி சாவேஜஸ்’ (1953), ‘ரெய்சிங் டீமன்ஸ்’ (1957) என்ற இரண்டு நூல்களில் விழுந்து விழுந்து சிரிக்கும்படி எழுதினார். சமையலறையில் பிள்ளைகளின் சண்டையைக் காதில் வாங்கிய அதே செவிதான் ஊர்க் கூட்டத்தின் முணுமுணுப்பையும் அவ்வளவு துல்லியமாகப் பிடித்தது.

1950 தொடங்கி ஐந்து ஆண்டுகள், வாசகரைக் கேலி செய்துகொண்டே பயமுறுத்தும் கலையைச் சித்திரக்கதைக்குள் கொண்டுபோனது ஈ.சி. காமிக்ஸ். அதிபர் பில் கெய்ன்ஸும் ஆசிரியர் ஆல் ஃபெல்ட்ஸ்டீனும் சிறு வயதில் வானொலித் திகில் நாடகங்களைக் கேட்டு வளர்ந்தவர்கள். அந்த நாடகங்களில் ஒரு கிழவியோ நக்கல் பேர்வழியோ வந்து கதையை ஆரம்பித்து வைப்பார். அதே வழியில் கல்லறைக் காவலன், பெட்டகக் காவலன், கிழட்டுச் சூனியக்காரி என்று மூன்று கதைசொல்லிகளை இவர்கள் உண்டாக்கினார்கள். கதைக்கு முன்னும் பின்னும் வந்து சிலேடையாகப் பேசிவிட்டுப் போவதோடு, வாசகர் கடிதங்களுக்குப் பதில் எழுதுவதும் அவர்களே. ஒருவர் கதையை இன்னொருவர் மட்டம் தட்டுவார். எழுதிய பையனையும் விட்டுவைக்க மாட்டார்கள். 1953இல் ரசிகர் மன்றம் தொடங்கியது. 25 சென்ட் கட்டினால் உறுப்பினர் அட்டையும் சட்டையில் குத்திக்கொள்ளும் சின்னமும் செய்தி மடலும் கிடைக்கும்.

1954இல் அந்த மடலின் குரல் மாறியது. சித்திரக்கதைகள் பிள்ளைகளைக் குற்றவாளிகளாக்குகின்றன என்று மனநல மருத்துவர் ஃபிரெட்ரிக் வெர்த்தம் நூல் எழுதியிருந்தார். அமெரிக்க செனட்டின் துணைக்குழு விசாரணை நடத்தியது. ஏப்ரல் 21 அன்று கெய்ன்ஸே நேரில் போய்ச் சாட்சி சொன்னார். குழுவுக்கு நேரடியாகக் கடிதம் எழுதுங்கள், பெற்றோரையும் எழுதச் சொல்லுங்கள் என்று ரசிகர் மன்ற மடல் உறுப்பினர்களைக் கேட்டுக்கொண்டது. அரட்டைக்காகத் திறந்த கடிதப் பாதையில் இப்போது ஒரு தொழிலின் உயிர்ப்பிச்சை போய்க்கொண்டிருந்தது. பலன் இல்லை. செப்டம்பரில் கெய்ன்ஸ் திகில் இதழ்களை நிறுத்துவதாக அறிவித்தார். அடுத்து வந்த காமிக்ஸ் நெறிமுறைச் சட்டகம், இதழின் பெயரில் திகில், பயங்கரம் என்ற சொற்கள் இருக்கவே கூடாது என்று தடை போட்டது.

அந்த இதழ்களில் ஊறி வளர்ந்த தலைமுறையைச் சேர்ந்தவர் ஸ்டீஃபன் கிங். 1978இல் வந்த ‘நைட் ஷிஃப்ட்’ தொகுதியின் முன்னுரையிலேயே அவர் வாசகரை எதிரில் உட்கார வைத்துப் பேசத் தொடங்கிவிட்டார். 1985இல் ‘ஸ்கெலிட்டன் க்ரூ’ தொகுதியின் முன்னுரையில், ஒரு சிறுகதைக்கு 2,000 டாலர் வாங்கினால் ஏஜெண்ட் கமிஷன், வரி எல்லாம் போக 800கூட மிஞ்சுவதில்லை என்று காகிதத்தில் கணக்குப் போடுவதுபோல் காட்டினார். காசுக்காகச் சிறுகதை எழுதுவதில்லை என்று வெறுமனே சொல்லியிருந்தால் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள். ரசீதைக் காட்டியதால் நம்பினார்கள்.

அதே 1985 ஜனவரியில் ‘காஸில் ராக்’ என்ற மாத மடல் தொடங்கியது. நடத்தியவர் கிங்கின் செயலாளரும் மைத்துனியுமான ஸ்டெஃபனி லெனர்ட். 1989 டிசம்பர் வரை வந்த அந்த மடல் ஆரம்பத்திலேயே ஒரு தர்மசங்கடத்தில் இருந்தது. ரிச்சர்ட் பாக்மன் என்ற பெயரில் ஐந்து நாவல்கள் வெளியாகியிருந்தன. எழுதியது கிங்தான் என்ற ரகசியத்தைக் காப்பாற்ற வேண்டியிருந்தது. ரகசியத்தை உடைத்தவர் வாஷிங்டனில் புத்தகக் கடையில் வேலை பார்த்த ஒரு வாசகர். ‘தின்னர்’ நாவலின் நடையைப் பார்த்துச் சந்தேகப்பட்டு, காங்கிரஸ் நூலகத்தில் பதிப்புரிமை ஆவணங்களைத் தேடினார். ஒன்றில் கிங்கின் பெயர் இருந்தது. கிங்கின் ஏஜெண்டுக்கு எழுதினார். சில நாட்களில் கடைக்குத் தொலைபேசி வந்தது, மறுமுனையில் கிங். மறுக்கவில்லை, மிரட்டவுமில்லை, உட்கார்ந்து பேட்டி கொடுத்தார். பாக்மன் புனைபெயர்ப் புற்றுநோயால் காலமானார் என்று ஊருக்கு அறிவித்தும் விட்டார். பாக்மன் பெயரில் 28,000 பிரதிகள் போயிருந்த ‘தின்னர்’, உண்மை தெரிந்ததும் பத்து மடங்கு விற்றது.

ரசிகரின் பாசம் கழுத்தை நெரிக்கும் என்பதும் கிங்குக்குத் தெரியும். 1987இல் வந்த ‘மிசரி’ முழுக்க அதுதான். அவருடைய ‘தி டார்க் டவர்’ நாவல் வரிசையின் மூன்றாம் நூல் 1991இல் உச்சக்கட்டத்தில் நின்றது. நான்காம் நூல் வர 1997 ஆனது. இடையில் வந்த தபாலில் ஒரு புகைப்படம் இருந்தது. சங்கிலியால் கட்டிய ஒரு கரடி பொம்மை. கூடவே, செய்தித்தாள் எழுத்துகளை வெட்டி ஒட்டிய மிரட்டல்: அடுத்த புத்தகத்தை விடு, இல்லையேல் கரடி சாகும். கிங் அதைத் தன் அலுவலகத்தில் மாட்டி வைத்துக்கொண்டார். நோயாளியான ஒரு மூதாட்டி, முடிவை மட்டுமாவது எனக்குச் சொல்லிவிடுங்கள், யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று எழுதியிருந்தார். அவருக்குச் சொல்ல கிங்கிடம் எதுவும் இல்லை. எழுதிப் பார்த்தால்தான் தனக்கே முடிவு தெரியும் என்ற உண்மையைப் பின்னால் ஒரு முன்னுரையில் வருத்தத்தோடு சொன்னார்.

1999 ஜூன் 19 அன்று, மெய்ன் மாநிலத்தில் சாலையோரம் நடந்துகொண்டிருந்த கிங்கை ஒரு வேன் மோதியது. இடுப்பும் காலும் நொறுங்கிப் பிழைத்தார். மிச்சமிருந்த மூன்று ‘டார்க் டவர்’ நூல்களையும் 2003, 2004 ஆண்டுகளில் முடித்தார். ஆறாம் நூலான ‘சாங் ஆஃப் சுசானா’வில் அவரே ஒரு பாத்திரம். நூலின் கடைசிப் பக்கங்கள் எழுத்தாளரின் நாட்குறிப்பாக வருகின்றன: குடிப்பழக்கம், எழுத முடியாத மாதங்கள், வாசகர்களின் தொல்லை. அந்த நாட்குறிப்பு முடிந்ததும், விபத்தில் எழுத்தாளர் இறந்தார் என்ற பத்திரிகைச் செய்தி. பிளாக்கும் லவ்கிராஃப்ட்டும் ஒருவரையொருவர் கதைக்குள் கொன்றார்கள்; கிங் தன்னையே கொன்றுகொண்டார்.

இந்த வழக்கத்துக்கு ஒரு விலையும் உண்டு, அதை மறைப்பது நேர்மையில்லை. மனதில் பட்டதையெல்லாம் எழுதுகிறவர் தன் அழுக்கையும் எழுதி வைக்கிறார். லவ்கிராஃப்ட்டின் கடிதங்கள் இன்று கதைகளைவிடப் பல மடங்கு தொகுதிகளாக அச்சில் உள்ளன. ஐஸ்கிரீமும் பூனைகளும் இளம் எழுத்தாளர்களுக்குக் காட்டிய பரிவும் இருக்கும் அதே கடிதங்களில், கறுப்பின மக்கள் மீதும் யூதர்கள் மீதும் குடியேறி வந்தவர்கள் மீதும் அவர் கக்கிய வெறுப்பும் இருக்கிறது. உலக ஃபேண்டஸி விருதாக 1975 முதல் கொடுக்கப்பட்ட லவ்கிராஃப்ட் தலைச்சிலையை, எழுத்தாளர்களின் எதிர்ப்புக்குப் பிறகு 2015இல் கைவிட்டார்கள். நைஜீரியப் பெற்றோருக்குப் பிறந்து, 2011இல் அந்தச் சிலையை விருதாகப் பெற்ற நெடி ஒக்கொராஃபோர், தன் வீட்டில் அந்தத் தலையை வைத்திருப்பதன் சங்கடத்தை வெளிப்படையாக எழுதினார். லவ்கிராஃப்ட்டை யாரும் அவதூறு செய்யவில்லை; சாட்சி அவருடைய கையெழுத்திலேயே இருந்தது.

வாசகர் கேள்வி கேட்பதும் எழுத்தாளர் பதில் சொல்வதும் நின்றுவிடவில்லை. 1998இல் ‘பேக் ஆஃப் போன்ஸ்’ நாவலுக்காக ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தபோது, ‘தி ஷைனிங்’ கதையில் வந்த பையன் என்ன ஆனான் என்று ஒருவர் கிங்கைக் கேட்டார். அந்தக் கேள்வி அவர் மனதில் தைத்துவிட்டது. 2009இல் கிங், அந்தப் பையன் வளர்ந்த கதையை எழுதட்டுமா, புதிய ‘டார்க் டவர்’ நாவலை எழுதட்டுமா என்று ரசிகர்களிடம் வாக்கெடுப்பு நடத்தினார். பையனுக்கு 5,861 வாக்கு. டார்க் டவருக்கு 5,812. வித்தியாசம் 49தான். கிங் இரண்டையுமே எழுதினார். வாக்கில் தோற்ற ‘தி விண்ட் த்ரூ தி கீஹோல்’ 2012இலும், வென்ற ‘டாக்டர் ஸ்லீப்’ அதற்கு அடுத்த ஆண்டிலும் கடைகளுக்கு வந்தன.